தையற்கடையில் பின்னிஷ்

பின்லாந்து மொழியில் திறமைசாலியை 'தைத்தவ' என்பார்களாம். கற்றுக்கொண்டேன். யாரிடம் சொல்லிப் பார்க்கலாம்?
(வாசகர், அம்பிட்டிய)

தையற்கடைக்காரரிடம் சொல்லுங்கள். "தைத்தவா!" என்று கூப்பிட்டதாக நினைத்து நிமிர்வார். இரண்டு மொழியிலும் அவருக்குப் பொருந்தும்!

அடுத்து வேற்றுமையையும் படியுங்கள். தமிழில் 'திறமையான' அசையாது. பெயர்தான் உருபு ஏற்கும். பின்னிஷில் அடைமொழியும் பெயரோடு சேர்ந்து மாறும். வேற்றுமைகளோ 15. மலைக்காதீர்கள், லத்தீனிலும் அடைமொழி இப்படித்தான் மாறும். உங்கள் ஊரில் 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955இல் புனேவுக்குப் போகும்வரை, இந்திய, இலங்கை இளைஞர்கள் அம்பிட்டியவில் அந்த லத்தீனைக் கரைத்துக் குடித்தார்கள்.

பின்னிஷ் படித்து தமிழனுக்கு என்ன லாபம்?
(இன்னொரு வாசகர், கண்டி)

தமிழால் ஒரு பின்லாந்துக்காரருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள்: 10 லட்சம் ரூபாய்! 2010இல் கோவை செம்மொழி மாநாட்டில், கலைஞர் பெயரிலான முதல் செம்மொழித் தமிழ் விருதோடு அஸ்கோ பர்ப்போலா பெற்ற தொகை அது. அதற்கு முன் சிந்து முத்திரைகளில் திராவிட மொழியைத் தேடி அவர் உழைத்தது நாற்பது ஆண்டுக்கு மேல்.