பெற்றோர் விருப்பத்தின்பேரில்

காலை எட்டு மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றால் தெரியும், சேலையூருக்குப் பள்ளிக்கூடப் பஞ்சமே கிடையாது. மஞ்சள் வேன்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். ஆட்டிசம் உள்ள மகனோடு அட்மிஷனுக்கு ஏறி இறங்கிப் பாருங்கள். அத்தனை பள்ளியும் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

'இன்டராக்‌ஷன்' என்று பத்து நிமிடம். பையன் நாற்காலியில் உட்காரவில்லை, ஆப்பிள் படத்தைப் பார்த்து ஆப்பிள் என்று சொல்லவில்லை. மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் வருடக்கணக்கில் எழுதிய ஃபைல் பிரிக்காமலே கிடக்க, மேடம் தீர்ப்பெழுதிவிடுவார்: "எங்ககிட்ட அதுக்கு ஃபெசிலிட்டி இல்ல சார். பையன் நல்லதுக்குத்தான் சொல்றோம்." ஸ்கேட்டிங் உண்டு, ரோபோடிக்ஸ் உண்டு, கரஸ்பாண்டன்ட் மாடியேற லிஃப்ட் உண்டு. ஒரு சிறப்பாசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பாவம், வசதியில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகரித்த பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வழிசெய்யச் சொல்கிறது. மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை. 'வரை'யைக் கவனியுங்கள். எல்.கே.ஜி.க்கே அதைவிட அதிகமாக வாங்குகிறவர்களை இப்படி மிரட்டியிருக்கிறோம்! தொடக்க வகுப்பில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்பில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

"கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பாருங்களேன்" என்று வழிகாட்டுவார்கள். அங்கே சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் சிறப்புப் பயிற்றுநரோ ஒப்பந்தச் சம்பளத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அரசுக்கு அவர் நிரந்தரச் செலவாகிவிடக் கூடாதாம்.

தப்பித்தவறி தனியார் பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் கதை இன்னும் ருசி. வகுப்பில் பையன் பக்கத்திலேயே இருந்து உதவ ஒரு ஷேடோ டீச்சர் வேண்டும். சம்பளம் நீங்கள் கொடுக்க வேண்டும். ஏதாவது நடந்தால் பள்ளி பொறுப்பல்ல என்று கையெழுத்தும் போட வேண்டும். ஆண்டு விழாவுக்கு மட்டும் "லீவு போட்டுடுங்க". பதினோரு மணிக்குப் போன் வரும்: "கத்துறான், வந்து கூட்டிட்டுப் போங்க." ஏன் கத்துகிறான் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை, போர்ஷன் முடிக்க வேண்டும். மற்ற பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் விசாரணை முடிந்து தண்டனையும் அறிவிக்கப்பட்டிருக்கும். போன் தினமும் வரும். அம்மா வேலையை விடுவார். பிறகு ஒருநாள் அவரே டி.சி. கேட்பார்.

மறுநிமிடமே தயார். 'விலகிய காரணம்: பெற்றோர் விருப்பத்தின்பேரில்.' ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்ட, எந்த மாற்றுத்திறன் குழந்தையையும் வெளியேற்றாத பதிவேடு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது.