மிச்சக்காரர்

மெர்சென் மிச்சக்காரர் என்னும் இனம் புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் ரோடு நெடுகவும், காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் அரிதாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், பெல்லிலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ நாற்பது வருஷம் கணக்குப் பார்த்துப் பழகிய கை. இளம்பருவத்தில் பிஷப் ஹீபர் கல்லூரிப் பக்கமும் தென்படும். அந்த வயதில் வந்தால், வேலை கிடைத்ததும் பெரும்பாலும் குணமாகிவிடும்.

ஒரு பகா எண்ணை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி, ஒன்றைக் கழித்தால் வருவது மெர்சென் எண். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி ஒருவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அது பகா எண்ணாகவே அமைந்தால் உலகச் செய்தி. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டெடுத்ததற்கு 4,10,24,320 இலக்கங்கள்; பரிசு 3,000 டாலர். மிச்சக்காரர் அந்தப் பந்தியில் உட்காருவதில்லை. பகா எண் இல்லை என்று உலகம் கைகழுவிவிட்ட மெர்சென் எண்களே இவர் சரக்கு. அடுக்கு 23 என்றால் எண் 83,88,607. அது 47-ஆல் வகுபடும். வகுத்தால் மிஞ்சுவது 1,78,481. அது பகா எண். இதைப் பள்ளிப் பையன் நோட்டில் போட்டுவிடலாம். அடுக்கு ஒரு கோடி பக்கம் போனால் எண்ணுக்கு 30 லட்சம் இலக்கம். தெரிந்த காரணிகளால் எல்லாம் வகுத்தாயிற்று, மிஞ்சியது பகா எண்தானா என்று பார்ப்பதே தொழில். இதற்குப் பரிசு கிடையாது.

பார்க்கும் முறை பெர்மா விட்டுச் சென்றது. ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதையே அடுக்காக்கி 3-ஐ உயர்த்தி, பழைய எண்ணால் வகுத்தால், பகா எண்ணுக்கு மீதி 1 வரும். வராவிட்டால் பகு எண், பேச்சே இல்லை. வந்தால் அநேகமாகப் பகா எண். 3 எதற்கு, 2 போதாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. மெர்சென் எண்ணை வகுத்து வந்த எந்த மிச்சமும், பகு எண்ணே ஆனாலும், 2-இன் சோதனையில் தேறிவிடும். 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வந்த 2047-க்கே 2 நற்சான்று கொடுக்கும். மாப்பிள்ளையைப் பற்றி அவனுடைய தாய்மாமனிடமே விசாரித்த கதைதான்.

இந்த ‘அநேகமாக’ நாளடைவில் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. “சத்திரம் பஸ் போயிருச்சா சார்?” என்று நால்ரோட்டில் கேட்டால், “அநேகமா போயிருக்கும், அடிச்சுச் சொல்ல முடியாது” என்று பதில் வரும். கேட்டவர் ஆட்டோவைக் கூப்பிடுவார்.

வீட்டில் இவருக்கு ஓர் அறை உண்டு. அங்கே பக்கவாட்டு மூடி கழற்றிய பழைய கணினி ஒன்று. கத்திரி வெயிலிலும் டேபிள் ஃபேன் அதைப் பார்த்தே சுழலும், மனிதர்கள் துண்டால் விசிறிக்கொள்வார்கள். பிளக்கின் மேல் ‘பிடுங்காதே’ என்று எழுதி ஒட்டிய காகிதம். அதைக் கிரைண்டருக்காகப் பிடுங்கிய நாளில் வீடு சாவு வீடு மாதிரி இருக்கும். மென்பொருள் அரைமணிக்கொரு தரம் தானே சேமித்துக்கொள்கிறது, நஷ்டம் மிஞ்சிப்போனால் அந்த அரைமணிதான் என்பதை மட்டும் இவர் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது பேச்சு வேறு திசையில் போகும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்து வீடுகளில் உறவு வந்து இறங்கினால் கணினி கட்டிலுக்கு அடியில் போய் ஓடும்.

இவர்களுடைய ஆஸ்தான கதை ஃப்ராங்க் நெல்சன் கோல். 1903-இல் நியூயார்க் கணிதக் கூட்டத்தில் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டி, 67-ஆம் அடுக்கின் மெர்சென் எண்ணை உடைத்துவிட்டு உட்கார்ந்தார் என்பார்கள். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தனவாம். “அவராவது ஞாயித்துக்கிழமையோட விட்டாருங்க” என்பது வீட்டம்மாளின் நிலையான விமர்சனம், நியாயமும்கூட. அடுத்த பெருமை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் கண்ட சோதனை. அது ‘அநேகமாக’ இல்லாமல் தீர்ப்பே சொல்லும். பெருமை பேச அருமையான முறை. இத்தனை பெரிய எண்ணில் ஓட்டினால் பேரன் காலத்திலும் முடியாது என்பதால் யாரும் ஓட்டுவதில்லை.

சில ஆயிரம் இலக்கம் என்றால் நீள்வட்ட வளைவு முறையில் நிரூபித்துவிடலாம். லட்சக்கணக்கில் போனால் அதுவும் கைவிரிக்கும். ஆகவே பெரிய மிச்சம் தேறினால் பட்டியலில் கண்டவர் பெயர் ஏறும், எண் உத்தேசப் பகா எண்ணாகவே நிற்கும். வெளிநாட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர் பாராட்டி நாலு வரி எழுதுவார். மிச்சக்காரர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி அக்கம்பக்கம் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். என்ன விசேஷம் என்று கேட்டால், பேத்திக்குப் பிறந்தநாள் என்று வீட்டம்மாள் சொல்லிவிடுகிறார்.