எடுத்துக் கொடுப்பவர்

செரண்டா, புக்கிட் பெருந்தோங் பக்கம் தாமானுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தலை நரைத்தாலும் மீசைக்குத் தவறாமல் மை உண்டு. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். கித்தா மரம் போய், தோட்டம் போய், தாமான் வந்துவிட்டது. அரிச்சந்திரன், மதுரை வீரன் என்று விடிய விடிய ஆடிவிட்டு அப்படியே பெரட்டுக்குப் போன நடிகர்களும் போய்விட்டார்கள். படுதாவுக்குப் பின்னால் நோட்டும் கையுமாகக் குந்தி, அவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்த இவர் மட்டும் மிச்சம்.

“ராஜா வேஷமோ மந்திரி வேஷமோ, எல்லாரும் எனக்கு வாயசைச்சவனுங்கதான்” என்பார். பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் தனக்குப் பேர் இருந்தது என்றும் அவரே சொல்வார்.

நாடகம் நின்றுபோனாலும் தொழிலை அவர் விடவில்லை. கல்யாண வீட்டில் ஐயருக்கு ஒரு வரி முன்னால் மந்திரம் சொல்கிறார். ஒய்பி மேடையேறி மூச்சு வாங்கினால், போன தேர்தலில் கொடுத்த வாக்குறுதியை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதனால் இப்போதெல்லாம் அவருக்குப் பின்வரிசையில்தான் நாற்காலி.

இவரைத்தான் பேத்தி ஒருநாள் செந்தூலுக்கு அழைத்துப் போனாள். பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து 2005இல் திறந்த கோலாலம்பூர் நிகழ்கலை மையம் அங்கே இருக்கிறது. அதன் சின்ன அரங்கில் பத்து நிமிட நாடகங்கள், அதுவும் ஒரே மாலையில் வரிசையாக. 2002இல் சிட்னியில் ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ என்று தொடங்கிய வழக்கம் 2008இல் இங்கேயும் வந்து சேர்ந்தது. பேத்தி இதையெல்லாம் விளக்கி முடிக்கும்வரை தாத்தா பொறுமையாகக் கேட்டார்.

“பத்து நிமிஷமா? அதுக்குள்ள நம்ம பபூன் வேட்டிகூடக் கட்டி முடிக்க மாட்டானே!”

அரங்கத்துக்குள் நாலு பக்கமும் கறுப்புச் சுவர். முன்திரை கிடையாது. மேடையில் ஒரே ஒரு நாற்காலி. “சாமான் லோரி இன்னும் வரல போலிருக்கு” என்று பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுக்கு மலாயில் ஆறுதல் சொன்னார்.

முதல் நாடகம் எப்படியோ தப்பித்தது. இரண்டாவது மலாய் நாடகம். புருஷன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு பேரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகவே இயக்குநர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார். நம்மவருக்கோ வேர்த்துவிட்டது. மேடையில் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை என்றால் வசனம் மறந்துவிட்டது என்றுதானே அர்த்தம்! கூட நடிப்பவனும் சும்மா நிற்கிறானே, பாவி!

“நாதா! என்னை நட்டாற்றில் விட்டுவிட்டு... சொல்லும்மா, சொல்லு!”

நடிகை திடுக்கிட்டுத் திரும்பினாள். புருஷன் கையிலிருந்த பெட்டி நழுவித் தரையில் விழுந்தது. அன்றைக்கு அரங்கம் அதிர்ந்தது அந்த ஒரு கட்டத்துக்குத்தான். முன்வரிசை வெள்ளைக்காரர் ஒருவர், புதுவகைப் பரிசோதனை என்று நினைத்தோ என்னவோ, அவசரமாகக் குறிப்பு எழுதிக்கொண்டார்.

டார்ச் விளக்கோடு ஒரு பெண் குனிந்தபடி வந்தாள். “அங்கிள், ஷோ நடக்கும்போது பேசக்கூடாது.”

“நான் எங்கம்மா பேசினேன்? எடுத்துக் குடுத்தேன்.”

கடைசியில், பிடித்த நாடகத்துக்கு ஓட்டுப் போடச் சீட்டு கொடுத்தார்கள். தாத்தா எல்லா நாடகத்துக்கும் குறி போட்டார்.

“தாத்தா, இப்படிப் போட்டா ஓட்டு செல்லாது.”

“கோயில் கமிட்டி எலெக்‌ஷன்லயும் இதையேதான் சொன்னானுங்க” என்றவர், பேனாவைத் திருப்பித் தராமல் சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘இரண்டாம் நாடகத்தில் பெண்ணுக்கு வசனம் பற்றாது. எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் செரண்டாவில் விசாரிக்கவும். நோட்டு நம்முடையது. போக வர வண்டிச் சத்தம் உங்களுடையது.’