புள்ளைக்குத் தைரியம் வந்துராம இருக்க வழி

மருமகனே, இங்கன வந்து உக்காரு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு உம்மகளை அனுப்ப மாட்டேன்னு டீச்சர்கிட்ட மல்லுக்கு நின்னியாமே? ஆட்டம் பாட்டம்னு படிப்பு கெட்டுப்போகுதுன்னியாம். நியாயந்தான். ரெண்டாங்கிளாஸ் புள்ளை நாலு நாள் வாய்ப்பாடு சொல்லலைன்னா வரப்போற கலெக்டர் வேலை கைநழுவிப் போயிருமில்ல!

பாவம், காமராசருக்கு இந்தக் கணக்கு தெரியாமப் போச்சு. 1958-ல கடம்பத்தூர்ல பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணைத் தொடங்கி, ஊர் ஊரா சனங்களைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வரவச்சாங்க. கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதுக்காக அலையா அலைஞ்சாரு. இப்பக்கூட கல்விச் சீருன்னு தாம்பாளத்துல நோட்டும் தண்ணி டிரம்மும் காத்தாடியும் வச்சு, மேளதாளத்தோட பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறாங்கல்ல? அதைச் சும்மா வேடிக்கைன்னு நினைச்சிராத. நேத்துவரைக்கும் வாத்தியாரைக் கண்டா வேலிப்பக்கம் ஒதுங்குன அப்பன், இன்னைக்குத் தலைப்பாகை கட்டி, தட்டைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நடக்கான். அதைப் பாத்த புள்ளைக்கு, நாம போற இடம் லேசுப்பட்டதில்லன்னு அன்னைக்கே விளங்கிப்போகும். இப்படியெல்லாம் விளங்கிக்கிட்டா நாளைக்கு நம்மளையே கேள்வி கேக்கும், ஆபத்துல்லா?

சரி, டீச்சர் விடமாட்டாக, அனுப்பித்தான் ஆகணும்னு வையி. அனுப்பு. ஆனா புள்ளைக்குத் தைரியம் மட்டும் வந்துராமப் பாத்துக்கிடணும். அதுக்குக் கைவசம் வழி இருக்கு. மாறுவேடப் போட்டின்னா முண்டாசு, கோட்டு, மீசை எல்லாத்தையும் நீயே வாடகைக்கு எடு. நாலு வரி பேசுறதுக்கு நாப்பது வரி எழுதிக் குடு. மேடைக்கு நேர் கீழ உம்பொண்டாட்டி நின்னு வாயசைக்கட்டும். புள்ளை கூட்டத்தைப் பாக்காம அம்மா வாயையே பாத்துக்கிட்டு நிக்கும். நடுவுல ஒரு வரி மறந்து முழிச்சுதுன்னா, பொறுத்திராத. அதுவே யோசிச்சு அடுத்த வரியைப் பிடிச்சிருச்சுன்னா போச்சு, மறந்தாலும் சமாளிச்சுக்கிடலாம்ங்கிற ரகசியம் அதுக்குத் தெரிஞ்சிரும். வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி மறக்காமக் கேளு: 'பக்கத்து வீட்டுப் புள்ளை எப்படிப் பேசுச்சு பாத்தியா?' அது ஒண்ணு போதும், அடுத்த வருசம் மேடைப்பக்கமே வராது.

போன மாசம் பள்ளிக்கூடத்துல புள்ளைகளே சந்தை போட்டாங்கல்ல, அங்கதான் ஒரு கூத்து நடந்துபோச்சு. ஒரு சின்னக்குட்டி, வாயத் திறந்து பேர் சொல்லவே யோசிக்கிற புள்ளை, முருங்கைக்கீரையும் எலுமிச்சம்பழமும் விரிச்சு வச்சிருந்துச்சு. கட்டு பத்து ரூவான்னுச்சு. நான் ரெண்டு கட்டு எடுத்து அம்பது ரூவாயை நீட்டுனேன். புள்ளை விரலை மடக்குது, நீட்டுது, மேல பாக்குது. அவ அம்மாவுக்குப் பொறுக்கலை, சில்லறை டப்பாவுல கைய விட்டா. டீச்சர் வந்து, 'அக்கா, வாங்க டீ குடிப்போம்'னு அவளை நைசாக் கூட்டிட்டுப் போயிட்டாக. கெட்டிக்காரி! நானும் வேணும்னே, 'இருபது குடுத்தாப் போதும் தாயி'ன்னேன். நிமிந்து பாத்துச்சே ஒரு பார்வை! 'இல்ல தாத்தா, முப்பது'ன்னு சத்தமாச் சொல்லி, எண்ணி என் கையில வச்சுச்சு. அதோட விடலை, அடுத்தாப்ல வந்த ஊர்த் தலைவர்கிட்ட, 'எட்டு ரூவாய்க்கெல்லாம் கட்டாது'ன்னுட்டு. வகுப்புல கழித்தல் கணக்குப் போட நோட்டு போதும். பெரிய மனுசன் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்லப் பழக எதிர்ல ஒரு பெரிய மனுசன் வேணுமில்ல!

எல்லாப் புள்ளையும் ஆடணும் பாடணும்னு நான் சொல்ல வரலை. மேடையக் கண்டா அழுகிற புள்ளையைத் தூக்கி நிறுத்துறவன் மடையன். அதுகிட்டச் சந்தனக் கிண்ணத்தைக் குடு, மணியடிக்கச் சொல்லு, திரைக்கயித்தைப் பிடிக்கச் சொல்லு. தான் கயித்தை விட்டாத்தான் நாடகமே தொடங்கும்னு தெரிஞ்ச புள்ளை அந்த ஒரு வாரமும் என்ன மிடுக்கா நடக்கும்ங்கே!

விழாவுல குறையே இல்லையான்னு கேக்காத, இருக்கு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போத்தி, அவரு பேசி, அவரைப் பத்தி இன்னொருத்தர் பேசி முடியுறதுக்குள்ள, பவுடர் பூசுன புள்ளைக பூராம் சுருண்டு தூங்கிரும். அதைத் தட்டிக்கேக்க உனக்கு உரிமையும் இருக்கு. 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு வச்சு, அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப்பேர் பொம்பளைகளா இருக்கணும்னு எழுதியிருக்கான். நீ கூட்டத்துக்குப் போனாத்தானே! டீக்கடையில உக்காந்துதான சட்டம் பேசுத.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழாவாம். முன்னாடி வரிசையில எந்திரிச்சு நின்னு, செல்போனைத் தலைக்கு மேல பிடிச்சு, பின்னால இருக்கிறவனுக்கு முதுகு காட்டலாம்னு இருப்ப. வேண்டாம். புள்ளை மேடையில நின்னு தேடும்போது உம்மூஞ்சி தெரியட்டும். போனை என்கிட்டக் குடுத்திரு, வெத்தலைப் பெட்டிக்குள்ள வச்சுக்கிடுதேன். சுண்ணாம்பு படாமப் பாத்துக்கிடுறது என் பொறுப்பு. அதையும் மீறிப் பட்டிருச்சுன்னா, அதுக்கு என்னைக் கேக்கப்படாது.