காட்டில் காணி பார்ப்பவர்

ரொறன்ரோத் தமிழர் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கோடையில் கூடாரம் அடிக்கக் காட்டுக்குப் போனால், போவோம் என்று முதலில் வாய் திறந்தவர் யாரென்று பிறகு ஒருவருக்கும் நினைவிருக்காது. இடம் பிடித்தவர் யாரென்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மழை பெய்தாலும் நுளம்பு கடித்தாலும் பேச்சு விழப்போவது அவருக்குத்தான். காம்பிங் அண்ணை என்று பெயர். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கும். கராஜில் மூன்று கூடாரங்களும், யாருடையவை என்று தெரியாத பதினாறு முளைக்கம்பிகளும் இருக்கும். இவரை இவருடைய முழு வீரியத்தோடு பார்க்க வேண்டுமானால் காட்டுக்குப் போகக் கூடாது; பெப்ரவரி மாதம் இவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில், போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னர், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கிறது. ஜூலையில் படுப்பதற்கு, வாசலில் பனி குவிந்து கிடக்கும்போதே பாய் போட வேண்டும். அண்ணை ஆறரைக்கே தேநீரோடு கணினி முன் குந்தியிருப்பார். மகள் கையில் ஒரு தொலைபேசி. பிரம்டனில் மைத்துனர் கையில் இன்னொன்று. ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆகாது, கூச்சல் தொடங்கிவிடும். "நூற்றிப் பதினாலு போயிட்டுது! பதினாறைப் பிடி!" "அத்தான், பதினாறு தண்ணிப் பைப்புக்குப் பக்கத்தில." "ஐயோ, அப்ப விடு, இருபத்திரண்டைப் பார்!"

இவரைப் பற்றி இளையவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: அண்ணைக்குக் காடு பிடிக்காது. ஏரியின் படத்தைக் காட்டினால் ரொய்லெற் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். வானளந்து நிற்கும் வெள்ளைப் பைன் மரத்தைக் காட்டினால், பட்ட கொப்பு ஏதும் கூடாரத்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்க்கிறார். குற்றச்சாட்டின் விவரங்கள் எல்லாம் உண்மை, தீர்ப்புத்தான் பிழை. அண்ணை பார்ப்பது காணி. காடு பார்க்கிறேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கிணறு எங்கே, ஒழுங்கை எங்கே, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும், அயலட்டை எப்படி என்று விசாரித்து, வேலி ஓரத்தை இரண்டு தரம் நடந்து பார்த்துக் காணி வாங்கிய பரம்பரை. எல்லைக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததற்கு இரண்டு தலைமுறை நீதிமன்றம் போன ஊரில் பிறந்தவருக்கு, மூன்று இரவு மட்டும் சொந்தமாகப்போகும் நிலமும் நிலந்தான். இந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் சரி என்பது என் கட்சி.

ஏனென்றால் அவர் தெரிவு செய்யும் பொருள் உண்மையில் ஒரு குடியிருப்புத்தான். ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்கா 1893இல் உருவானது; பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு காட்டிலும் அண்ணைக்குக் கிடைப்பது 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய சில ஏரிக்கரைகளில் இலக்கம் போட்ட ஒரு துண்டு. டூ ரிவர்ஸ், பொக் லேக், கேனிஸ்பே என்ற முகாம்கள் ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள். ஒழுங்கைகள் உண்டு, இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் போடக் கூடாது என்ற சட்டம் உண்டு, அதைச் சொல்ல வண்டியில் வரும் காவலர் உண்டு, டூ ரிவர்ஸில் ஐஸ்கிறீம் விற்கும் கடைகூட உண்டு. வானொலி போடக் கூடாத பகுதி என்று தனியாக ஒன்றும் உண்டு. அண்ணையின் மைத்துனர் இருக்கும் வரையில் அங்கே பதிவது வீண். இவை எல்லாம் காட்டைக் கெடுத்தவர்கள் செய்த வேலை என்று நினைப்பதுதான் வழக்கம். கதை நேர்மாறானது. 1920களின் கடைசியில் ஈ. பி. மைனெக்கே என்ற தாவரநோய் ஆராய்ச்சியாளர் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக்காடுகளில் சுற்றுலாக்காரர்களால் மரங்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். அக்காலத்தில் இலக்கமும் இல்லை, எல்லையும் இல்லை. காரை எந்த மரத்தடியிலும் கொண்டுபோய் நிறுத்தலாம். சக்கரமும் காலும் மிதித்து மண் இறுகி, வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாமல் மரங்கள் நலிந்தன. அவர் சொன்ன பரிகாரம் இது: ஒருவழி வளையப் பாதை, அதிலிருந்து சரிவாகப் பிரிந்து ஒரு கார் மட்டும் நிற்கும் சிறு கிளை, நகர்த்த முடியாத மேசை, நகர்த்த முடியாத அடுப்பு, காருக்குத் தடையாகப் பாறையோ மரக்குற்றியோ. 1932இல் அமெரிக்க வனத்துறைக்காக இதை அவர் எழுத, அடுத்து வந்த பொருளாதார மந்த ஆண்டுகளின் அரசு வேலைத்திட்டங்களில் நாடெங்கும் அப்படியே கட்டினார்கள். இன்று வட அமெரிக்காவில் நீங்கள் எந்தக் காட்டில் கார் நிறுத்திக் கூடாரம் அடித்தாலும் பெரும்பாலும் மைனெக்கே கீறிய கோட்டுக்குள்தான் நிற்கிறீர்கள். காட்டைக் காணியாகப் பிரித்ததால்தான் மரம் பிழைத்தது. அப்படிப் பிரித்துக் கொடுத்த காணியைக் காணிபோலப் பார்க்கிறவரை இயற்கை விரோதி என்பது நன்றியில்லாத பேச்சு.

அண்ணையின் அளவுகோல்களைக் கிட்ட நின்று பார்த்தால் அவற்றின் நுட்பம் விளங்கும். பதிவுத் தளத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் படமும் சாதகமும் உண்டு: நிழல் எவ்வளவு, மறைவு எவ்வளவு, தரை எப்படி, பின்னால் ஓட்டி நிறுத்துவதா நேரே போவதா. மறைவு 'நல்லது' என்று போட்டிருந்தால் அண்ணை நம்புவதில்லை. எந்த மாதம் பார்த்து எழுதினார்களோ என்பார். மேப்பிள் இலை விரிந்த பின் எல்லாமே மறைவுதான். கழிப்பறைக்குக் கிட்ட இருக்க வேண்டும், மாமிக்கு முழங்கால் வருத்தம்; ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கதவு அடிபடும் சத்தம் கேட்கவும் கூடாது, அந்த விளக்கு வெளிச்சம் கூடாரத்தில் விழவும் கூடாது. ஏரி தெரிய வேண்டும். ஆனால் ஏரிக்குப் போகிறவர்கள் நம் சமையலைத் தாண்டிப் போகக் கூடாது. மூலைக்காணி வேண்டும், ஆனால் வளைவில் திரும்பும் கார்களின் விளக்கு முகத்தில் அடிக்கக் கூடாது. ஒரு துண்டில் பொதுவாக ஆறு பேர்தான் என்பதால் நாலு துண்டு ஒட்டியபடி வேண்டும். ஒட்டியிருந்தாலும் மைத்துனரின் குறட்டை எட்டாத தூரமும் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்காது என்பது அண்ணைக்குத் தெரியும். காணி வாங்கப் போகிறவருக்கும் தெரியும். அதற்காகக் கேட்காமல் விடுவாரா? போய் இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலையைச் சிரிக்காமல் பாருங்கள். குந்தியிருந்து தரையைப் பார்ப்பார். பைன் ஊசிகள் ஓரிடத்தில் அள்ளுண்டு வரி வரியாகச் சேர்ந்து கிடந்தால், மழைத் தண்ணீர் அவ்வழியே ஓடியிருக்கிறது என்று பொருள். கூடாரம் அங்கே இல்லை. பக்கத்துத் துண்டில் அதே பள்ளத்தில், மெத்தென்று இருக்கிறதே என்று கூடாரம் அடித்த காட்டுப் பிரியர் விடிகாலை மூன்று மணிக்குக் காருக்குள் இடம் தேடுவார்.

ட்ரெய்லரோ ஆர்.வி.யோ வாங்கிவிட்ட அண்ணைக்குப் பொறுப்பு இன்னும் கூடும். முப்பது அம்பியர் மின்சாரம் உள்ள துண்டு வேண்டும். அதுவும் கம்பம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், வயர் எட்டாவிட்டால் ஐந்து மாதத் தவமும் போச்சு. ட்ரெய்லரின் நீளத்தைப் பற்றி வீட்டில் ஒரு கணக்கும் விற்றவரிடம் ஒரு கணக்கும் இருக்கும். பின்னால் ஓட்டி ஏற்றும் அந்தப் பதினைந்து நிமிடம் முகாமில் மாலைக் காட்சி. சுற்றியிருக்கும் துண்டுகளில் மடக்குக் கதிரைகள் மெல்லத் திரும்பும். அக்கா பின்னால் நின்று கைகாட்டுவார். "இஞ்சருங்கோ, வலப்பக்கம் வெட்டுங்கோ... என்ர வலம் இல்லை, உங்கட வலம்... மரம்! மரம்!" பிறகு ரசமட்டம் வரும், சில்லுக்குக் கீழே வைக்கப் பலகை வரும். ட்ரெய்லர் ஒரு பக்கம் சரிந்தால் கட்டிலில் தலை கீழே போகும், உள்ளே உள்ள சில வகைக் குளிர்ப்பெட்டிகளும் ஒழுங்காக வேலை செய்யா. கூடாரக்காரர் இதைப் பார்த்து, வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்கு ஏன் வர வேண்டும் என்று முணுமுணுப்பார். அவர் சொந்தமாகக் கொண்டுவந்திருப்பது ஊதுமெத்தையும், அதை ஊத மின்பம்பும்; பம்பைச் சொருக இரவல் கேட்பது ஆர்.வி. அண்ணையின் பிளக்கை என்பது வேறு கதை. ரைஸ் குக்கரைச் சேர்க்கவில்லை. மின்சாரமே இல்லாத கூன் லேக் போன்ற சிறிய தளத்தை ஒருமுறை யாரோ முன்மொழிந்தபோது அந்த யோசனை செத்தது குக்கரால்தான் என்று எந்தக் காம்பிங் குழுவிலும் கேட்கலாம்.

உண்மையான காட்டுப் பிரியர் கார் போகும் இடத்துக்கே போகமாட்டார், வள்ளத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு உட்காட்டுக்குப் போவார் என்பது பெரிய ஆட்சேபம். போகட்டும், வழி இருக்கிறது; அல்கொன்குயினில் வள்ளப் பாதைகள் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர். ஆனால் உட்காட்டுக்குள் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகத் தடை. டின் மீனும் சோடாவும் இல்லாத மூன்று நாளை நம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், தலையாட்டியபடியே காசு கொடுக்காமல் நழுவுவார்கள். அது போகட்டும், இந்தக் காட்டுக்கே காவல் தெய்வம்போல ஆகிவிட்ட ஓவியர் டொம் தொம்சன், 1917 ஜூலையில் கனூ லேக்கில் மூழ்கி இறந்தவர், வசந்தத்தின் தொடக்கத்தில் ஏரிக்கரையில் இருந்த மோவாட் விடுதியில்தான் தங்கினார். குளிர் விட்ட பிறகு கூடாரம். கூரையும் சாப்பாட்டு மேசையும் அவருடைய காட்டுப் பற்றைக் குறைத்ததாக யாரும் எழுதவில்லை. அம்மம்மாவையும் ஆறுமாதக் குழந்தையையும் ஒன்றாக ஏரிக்கரையில் உட்கார வைக்க முடிகிற ஒரே காடு, கழிப்பறைக்கு எத்தனை அடி என்று ஒருவர் முன்கூட்டியே எண்ணி வைத்த காடுதான்.

நினைத்தவுடன் கிளம்பிப் போவதில் உள்ள இன்பம் போய்விட்டதே என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஜூலைச் சனிக்கிழமை பதிவில்லாமல் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப்போய், வாயிலில் இடமில்லை என்ற பலகையைப் பார்த்து, பின் இருக்கையில் பசியோடு இருக்கும் மூன்று பிள்ளைகளிடம் அந்த இன்பத்தை விளக்கட்டும்.

ஆனாலும் அண்ணையில் குறையே இல்லை என்று வாதாட என்னால் முடியாது. காணி பார்க்கிறவருக்கு இலக்கத்தில்தான் கண் போகும், காலத்தில் போகாது. மே கடைசியிலும் ஜூனிலும் அந்தக் காட்டில் கறுப்பு ஈயின் ஆட்சி. ஓடும் தண்ணீரில் பிறந்து, காதோரத்திலும் மயிர்க்காலிலும் கடித்து இரத்தம் எடுக்கும் சாதி. அந்தக் கிழமைகளில் கிடைத்த முதல்தரத் துண்டைவிட, ஓகஸ்ட் கடைசியில் கழிப்பறைக் கதவுக்கு நேரே கிடைத்த கடைசித் துண்டு எவ்வளவோ மேல். முதலில் கிழமை, பிறகு ஏரி, மிச்சமிருந்தால் இலக்கம் என்று பார்க்க வேண்டியதை அண்ணை தலைகீழாகப் பார்க்கிறார். "ஜூன் இரண்டாம் கிழமை நாலும் ஒட்டினபடி கிடைச்சுது, எல்லாம் தண்ணிக்கரை!" என்று அவர் பெருமையோடு அறிவித்தால், ஏன் கிடைத்தது என்று யோசிக்கிறவர்கள் தலையை மூடும் வலையை அன்றே வாங்கி வைப்பது நல்லது.

இன்னொரு குறை, வாங்கிய காணியில் அவரால் இருக்க முடியாது. சனி பின்னேரம் எல்லாரும் நெருப்பைச் சுற்றி இருக்க, அண்ணை கையில் தேநீரோடு வளையப் பாதையில் நடக்கத் தொடங்குவார். ஒவ்வொரு இலக்கக் கட்டையிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, யாரும் பார்க்காதபோது தொலைபேசியில் ஒரு படம் எடுப்பார், அடுத்த ஆண்டுக்கு. எதிர்த்திசையில் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர் அதே வேகத்தில், அதே தேநீரோ கோப்பியோ கையில், அதே கட்டைகளைப் படம் எடுத்தபடி வருவார். எல்லா இனத்திலும் இந்தச் சாதி உண்டு. இருவரும் ஒரு துண்டின் முன் ஒரே நேரத்தில் நிற்பார்கள். மூன்று பக்கம் செடி வேலி, தண்ணீர் தெரிகிறது, தரை மட்டம், கழிப்பறை அளவான தூரம். அதில் யாரோ இரண்டு இளைஞர்கள் கூடாரத்தைப் பள்ளத்தில் அடித்துவிட்டு, கூலரை வெளியே விட்டுவிட்டு, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். கரடிக்கு அழைப்பு வைத்ததுபோல என்று அண்ணை முணுமுணுக்க, மொழி விளங்காமலே மற்றவர் தலையசைப்பார். பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் வழி விட்டு, அந்தக் கட்டையில் இருந்த இலக்கத்தை மற்றவருக்குத் தெரியாமல் மனதில் எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள்.