கல்லாவை விட்டு எழாத அண்ணாச்சி

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் கடைத்தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சி என்றொரு வகை மனிதர் உண்டு. அவருக்குச் சாப்பாடு, பேப்பர், மகளுக்கு ஜாதகம் பார்ப்பது எல்லாமே கல்லாவில்தான். தலைக்கு மேல் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை. அதற்கு நேர் கீழே தடித்த கடன் நோட்டு. கடையின் உண்மையான கொள்கை எதுவென்றால், நோட்டுதான். சுற்றிலும் மாதச் சம்பளக்காரர்கள். இருபதாம் தேதிக்கு மேல் கடன் கொடுக்காவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே முகம் தெரிந்தவரை நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் எதை, எப்போது, எவ்வளவு கொள்முதல் செய்வது என்பதையும் முடிவு செய்கிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த சூப்பர் மார்க்கெட்டும் முகத்தைப் பார்த்து அரிசி கொடுக்காது.

சிக்கல் குடோன் சாவியில். வாடிக்கையாளரை நம்புகிறவர் கடைப்பையனை நம்புவதில்லை. சாவி இடுப்பை விட்டு இறங்காது. அவர் ஒரு கல்யாணத்துக்குப் போனால் ஊருக்கே பூண்டு கிடையாது. பில் போடும் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் மச்சான் உட்கார்ந்தார். "சரக்கு இருப்பையும் இதுலயே பாக்கலாம்ப்பா" என்கிறான் எஞ்சினியரிங் படித்த மகன். "எனக்குத் தெரிஞ்சா போதாதால? அதுக்கு எதுக்குத் தெரியணும்?" இத்தனைக்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், 1984 முதல் ஓடும் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்தால் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள். மளிகைக்கடை அணு உலையா என்று கேட்கலாம். இல்லைதான்; ஆனால் அணு உலை கூட ஒரே ஆளை நம்பி ஓடுவதில்லை.

குடும்பத் தொழில் என்றாலே இப்படித்தான் என்பார்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கியதும் குடும்பத் தொழில்தான். அவருடைய பேருந்துகள் நேரம் தவறாமைக்குப் பெயர் வாங்கின; அதே குடும்பத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. நேரம் தவறாமை முதலாளியின் குணமாக மட்டும் இருந்திருந்தால் அவர் ஏறிய பேருந்து மட்டுமே நேரத்துக்குப் போயிருக்கும். டிரைவரும் கண்டக்டரும் பார்க்கக்கூடிய கடிகாரத்தில் அது இருந்தது. அண்ணாச்சியின் நேர்மையோ அவர் இடுப்பில் இருக்கிறது. கடை பெருத்தால் சரியாகிவிடும் என்பவர்கள் அவருடைய இரண்டாவது கிளையைப் பார்க்கலாம்: அங்கே சாவிகள்தான் கூடியிருக்கின்றன, இடுப்பு அதேதான். மகனுக்கு நாற்காலி உண்டு, 'சின்ன முதலாளி' பட்டம் உண்டு, விசிட்டிங் கார்டு கூட உண்டு. பூண்டுக்கு மட்டும் அப்பாவைக் கேட்க வேண்டும்.