வற்றாப்பளை மருமக்களும் உள்நுழைவு அனுமதியும்: பொங்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் எளியது. ஓர் ஊரில் பிறந்தவனைவிட அவனைக் கட்டியவள் அந்த ஊருக்கு மலிவாக வந்து சேரலாம். அவர்கள் பெற்ற பிள்ளை சும்மாவே வந்து சேரலாம். ஆய்வுக்களம், முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் ஓரமாக இருக்கும் வற்றாப்பளை. ஆய்வுக்காலம், கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டிய கிழமைகள். ஒஸ்லோ, ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிப்போன ஊர்ச்சனம், தாம் கட்டியவர்களையும் கூட்டிக்கொண்டு வருவது அப்போதுதான். ஆய்வுமுறை, விறாந்தையில் குந்தியிருந்து கதை கேட்டல். பல்கலைக்கழகத்தில் இதைக் களப்பணி என்பார்கள். வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

எந்த ஆய்வுக்கும் முன்னோடி வழக்கு ஒன்று வேண்டும். இங்கே அது அம்மனேதான். சோழநாட்டில் பிறந்து, பாண்டிநாட்டில் கணவனை இழந்து, மதுரையை எரித்துவிட்டு வந்த பெண், இந்தத் தீவில் பல இடங்களில் தங்கிப் பத்தாவது இடமாக வற்றாப்பளையை அடைந்தாள் என்பது ஊர் வழக்கு. இன்றைய குடிவரவு அலுவலர் ஒருவரின் மேசைக்கு இந்தக் கோப்பு போனால் என்ன ஆகும்? வந்தவள் கிழவி வடிவில் வந்தாள். ஆகவே படமும் முகமும் பொருந்தாது. தங்குமிட உறுதிக்கடிதம் இல்லை. மாடு மேய்த்த சிறுவர்கள் குடில் போட்டுக் கொடுத்தார்கள். கையிருப்புப் பணத்துக்கு ஆதாரம் இல்லை. சாப்பாடு அந்தப் பிள்ளைகள் பொங்கிக் கொடுத்த புக்கை. முந்தைய நாட்டில் தீவைப்புச் சம்பவம் ஒன்று உண்டு. கணவன் இறந்துவிட்டதால் வாழ்க்கைத்துணை வகையிலும் சேர்க்க முடியாது. விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது, கடல்நீரை விட்டு எரியுங்கள் என்றாளாம், எரிந்ததாம். அந்த நினைவில் இன்றும் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிகிறது. விண்ணப்பப் படிவத்தில் இதைக் குறிக்க இடமில்லை.

இவ்விடத்தில் அறிஞரிடையே ஒரு பிணக்கு உண்டு. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை அரசன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் வழியாகவே இந்த வழிபாடு தீவுக்கு வந்தது என்போர் ஒரு சாரார். இதை அரச ஸ்பொன்சர்க் கொள்கை எனலாம். வற்றாப்பளைச் சனம் இதை ஏற்பதில்லை. அம்மன் தானாக நடந்து வந்தவள், ஒருத்தரும் கூப்பிட்டு வரவில்லை என்பது அவர்கள் துணிபு. அம்மனுக்கு ஸ்பொன்சர் தேடுவது மரியாதை இல்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபும்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டமும் (18ஆம் இலக்கம்) குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் (20ஆம் இலக்கம்) வந்த பிறகு இப்படி நடந்து வருவது கடினமாயிற்று. அந்தப் பிரசாவுரிமைச் சட்டம் மருமக்களைவிடப் பேரப்பிள்ளைகளைத்தான் கூடுதலாக அலைக்கழித்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழிப் பிரசாவுரிமை தகப்பன் வழியாகவே போகும். வற்றாப்பளைப் பெண் வெளிநாட்டவனைக் கட்டிப் பெற்ற பிள்ளைக்கு, தாய்க்காரி எந்த ஊர் என்பது கணக்கில்லை. தாயும் பெற்றவள்தான் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது 2003இல்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் முத்திரை குத்தினால் வற்றாப்பளை வரை வந்துவிடலாம் என்பது வரலாறு தெரியாதவர் எண்ணம். 2002இல் வடக்கே போகும் ஏ-9 வீதி மீளத் திறந்தபோது, விசா எடுத்து இறங்கிய வெளிநாட்டு மருமகள், ஓமந்தை தாண்டியதும் புலிகளின் சோதனைச் சாவடியில் இன்னொரு படிவம் நிரப்பினாள். கொண்டுவந்த சாமானுக்கு வரியும் கட்டினாள். ஒரே தீவில் இரண்டு குடிவரவு. 2006 ஓகஸ்டில் வீதியே மூடுண்டதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வேறு சிக்கல்கள் வந்தன, அவை நகைச்சுவைக் கட்டுரைக்கு உரியவை அல்ல. போர் முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு, 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள எவரும் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். வற்றாப்பளையில் பிறந்து கனடாக் குடியுரிமை எடுத்தவரும் ‘எவரும்’ என்பதில் அடக்கம். 2015 ஜனவரியில் ஆட்சி மாறி அது நீங்கியது.

பிறகு அதே அமைச்சு கலியாணத்துக்கு வந்தது. வெளிநாட்டவரை இலங்கையில் பதிவுத் திருமணம் செய்வதென்றால், 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பாதுகாப்பு அமைச்சின் சான்று வேண்டும் என்று சுற்றறிக்கை வெளிவந்தது. வன்னியில் இது புதுமையல்ல. எங்கள் கலியாணப் புரோக்கர்மார் மூன்று தலைமுறை வரை தோண்டிப் பார்த்துச் சான்று கொடுத்துவந்தவர்கள். அமைச்சிடம் அந்த ஆழம் இல்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். 2012 ஜனவரியில் இணையவழி முன்அனுமதி முறை, அதாவது சனம் ‘ஈ.ரீ.ஏ.’ என்று சொல்வது, நடைமுறைக்கு வந்தது. கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் வற்றாப்பளையில் பிறந்தவன், இப்போது நோர்வேக் குடிமகன். 2020 வரை நோர்வே இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்காததால் இலங்கைக் கடவுச்சீட்டைக் கைவிட்டவன். மனைவி சீர்காழிக்காரி, கையில் இந்தியக் கடவுச்சீட்டு. பிள்ளைக்குப் பத்து வயது, ஒஸ்லோவில் பிறந்தது. 2024 இறுதியில் இருந்த கட்டணப்படி சார்க் நாட்டவருக்கு 20 டொலர், மற்றவர்களுக்கு 50 டொலர், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆகவே, வற்றாப்பளையைக் கண்ணால் காணாத பிள்ளை சும்மா வரும். கலியாணத்துக்குப் பிறகு பேர் கேள்விப்பட்டவள் 20 டொலரில் வருவாள். அந்த மண்ணில் விழுந்தெழும்பியவன் 50 டொலர் கட்டுவான். 2023 இறுதியில் இந்தியா உட்பட 7 நாட்டவருக்குக் கட்டணத்தை விலக்கியபோது அவளுக்கு அந்த இருபதும் மிச்சம். இந்தக் குடும்பத்தில் ஆகக்கூடிய வெளிநாட்டவன் யார் என்ற வினாவுக்கு விடை, கோயில் வீதியில் சைக்கிள் பழகினவன் என்பதே. இவன் ஒரு நோர்வேக்காரியைக் கட்டியிருந்தால் இருவருக்கும் தலைக்கு ஐம்பது, சமத்துவம் நிலவியிருக்கும். சிங்கப்பூருக்குப் போய்க் குடியுரிமை எடுத்திருந்தால் இவனுக்கு இந்த அனுமதியே தேவைப்பட்டிராது. புலம்பெயரும்போது யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வழித்தடத்திலும் அவளுக்கே அனுகூலம். தாய்வீட்டிலிருந்து வெளிக்கிட்டால், சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். அவன் கட்டுநாயக்கவில் இறங்கி இரவிரவாக வாகனத்தில் குலுங்கி வருவதற்குள் அவள் அம்மனைக் கும்பிட்டு முடித்திருப்பாள்.

2024 ஏப்ரலில் இந்த ஈ.ரீ.ஏ. முறையைத் தூக்கிவிட்டு விசா வேலையை வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டிடம் ஒப்படைத்தார்கள். விசாக் கட்டணத்துக்கு மேல் 18.50 டொலர் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 7.27 டொலர் வசதிக் கட்டணம். யாருடைய வசதிக்கு என்பது தனி ஆய்வுக்குரியது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விசாக் கருமபீடத்தின் முன் ஒருவர் போட்ட சத்தம் காணொளியாகி நாடெங்கும் ஓடியது. சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், சுமந்திரன் ஆகிய அரசியல்வாதிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஓகஸ்ட் 2ஆம் திகதி இடைக்காலத் தடை விழுந்தது. பழைய முறை உடனே திரும்பவில்லை. நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாததற்காகக் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலுக்குப் போன பிறகே திரும்பியது. ஒரு விசாவுக்காக அதைக் கொடுக்கும் திணைக்களத்தின் தலைவரே உள்ளே போனதற்கு வேறு எடுத்துக்காட்டு இக்கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்திசையில் போகும் துணைகளைச் சொல்லாவிட்டால் ஒப்பாய்வு நிறைவுறாது. வற்றாப்பளைப் பெண் ஜேர்மனியில் உள்ள புருசனிடம் போக வேண்டுமானால், 2007 தொடக்கம், போக முதலே ஜேர்மன் மொழியில் அடிப்படைப் பரீட்சை எழுத வேண்டும். லண்டன் என்றால் புருசனுக்கு வருடம் 29,000 பவுண் வருமானம் வேண்டும். இது 2024 ஏப்ரலில் வந்த கணக்கு. கலியாணம் உண்மை என்பதற்குப் படங்களும், தொலைபேசிக் கதைகளின் பதிவும் வேறு. இங்கே வருகிறவர்களிடம் நாம் தமிழ்ப் பரீட்சை வைப்பதில்லை. வைத்தால் பேரப்பிள்ளைகள் பாதிப்பேர் கட்டுநாயக்கவிலேயே நின்றுவிடுவார்கள் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கு அடுத்ததாக இன்னொரு குடிவரவுப் பிரிவும் இயங்குகிறது. அது ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலும் அமர்ந்திருக்கும் பெரியம்மா. பதிவான நேர்காணல் ஒன்று:

“உவ ஆர்?”

“சின்னவன்ர மனுசி, பெரியம்மா.”

“எந்தப் பக்கம்?”

“இந்தியா. சீர்காழியாம்.”

“அப்ப கண்ணகியின்ர ஊர்ப் பக்கம்தானே. எத்தினை நாள் நிப்பியள், பிள்ளை?”

“இருபது நாள்.”

“காணாது. புக்கை சாப்பிடுவாவோ?”

அங்க அடையாளப் பதிவு, கழுத்தில் தாலி கிடக்கிறதா என்ற ஒரே பார்வையில் முடிகிறது. வேற்று நிறத்து மருமகளானால் பெரியம்மா கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறார், அவ்வளவே. இங்கே டொலர் செல்லாது. கட்டணம் கோடாலித் தைலமாக அறவிடப்படுகிறது. விசா நீடிப்பு விண்ணப்பிக்காமலே கிடைக்கிறது. திரும்பிப் போவதற்குத்தான் அனுமதி கிடைப்பது கடினம்.

இரண்டு பிரிவிலும் எது திறமானது என்று கேட்டால், தீர்ப்பு பெரியம்மாவுக்கே. ஆள் யார், யாருக்கு என்ன முறை என்பதை அவர் கேட்கிறார். மற்றது கடவுச்சீட்டு அட்டையின் நிறத்தைப் பார்க்கிறது. ஆனாலும் அவரிடம் வந்து சேர மற்றதைக் கடந்தாக வேண்டும். ஆகவே, அடுத்த பொங்கலுக்கு வர இருப்போரே, அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே முகப்புப் போட்டுக் கூடுதல் காசு பறிக்கும் தளங்கள் உண்டு. கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். கட்டணம் மாறியிருக்கிறதா என்று வெளிக்கிட முதல் இன்னொருக்காப் பாருங்கள். கோடாலித் தைலம் இரண்டு போத்தல் கூடவே வையுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு பெரியம்மா இருக்கிறார்.